கோழிக்குக் கொண்டை வந்த மத்தியானம்

"விடுங்கட்டி, அவளை விடுங்க! கொன்னுருவீங்க போல!"

உலகம்மை துடைப்பத்தோடு கொல்லைக்கு ஓடி வந்தாள். கோழிகள் சிதறின. நடுவில் கருப்பிப் பெட்டை ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். உச்சந்தலை கிழிந்து ரத்தம் கண்வரை இறங்கியிருந்தது.

கோழிகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் அவற்றுக்குக் கொண்டை கிடையாது. சேவலுக்கும் சரி, பெட்டைக்கும் சரி, புறாவைப் போல வழவழப்பான தலைதான்.

"யாரு ஆரம்பிச்சது?"

மற்றவர்கள் தரையைக் கிளறத் தொடங்கினார்கள். செவலை மட்டும் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு கறையானுக்காக முதல் கொத்து கொத்தியவள் அவள்தான். கருப்பியும் அவளும் ஒரே அடையில் பொரிந்தவர்கள்.

உலகம்மை காயத்தைக் கழுவி, வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்துக் கருப்பியை அதற்குள் விட்டாள். கம்பு வைத்தாள், தண்ணீர் வைத்தாள். கருப்பி எதையும் தொடவில்லை. மூங்கில் சிம்புகளின் இடுக்கு வழியாக மற்றவர்கள் மேய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடு தாயி."

"தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்லம்மா."

மறுநாள் காலையில் பஞ்சாரத்தைத் தூக்கிப் பார்த்தாள் உலகம்மை. கருப்பி ஆசையாக ஓடினாள். அவ்வளவுதான், எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். காய்ந்த புண் மறுபடி கிழிந்தது. திரும்பவும் பஞ்சாரம்.

"உங்களுக்கு அவ என்னட்டி செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல," என்றது சேவல். "செவப்பாத் தெரியுது. தெரிஞ்சா அலகு தானாப் போகுது. வேணும்னேவா பண்ணுறோம்?"

"வெளியே விட்டா நீங்க கொல்லுறீங்க. உள்ளே வச்சா பட்டினியிலே போயிருவா. நான் என்னதான் செய்ய?"

உலகம்மை உள்ளே போய்விட்டாள். செவலை பஞ்சாரத்தருகே வந்து நின்றாள்.

"கருப்பி."

உள்ளே அவள் கண்கள் மூடியிருந்தன. முன்னால் வைத்த கம்பில் எறும்பு ஏறியிருந்தது.

செவலை நேராக வேலிக்குப் போனாள். கோவைக்கொடி பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. கொடிக்குள் தலையை விட்டு, பழம் நசுங்கும்வரை வேலிக்கல்லில் உச்சந்தலையைத் தேய்த்தாள். திரும்பியபோது அவள் தலை கருப்பியின் தலையைவிடச் சிவப்பாக இருந்தது.

"ஏ, அங்கே பாரு!"

எல்லோரும் அவள்மேல் பாய்ந்தார்கள். செவலை ஓடவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். சேவல்தான் முதலில் கொத்தியது. கொத்திவிட்டுச் சப்புக்கொட்டியது.

"இனிக்குதே!"

"எங்கிருந்துடி கிடைச்சது?"

"வேலியிலே."

அடுத்த கணம் மொத்தக் கூட்டமும் கொடிக்குள் இருந்தது. ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு தின்றார்கள். சேவல் எல்லோருக்கும் மேலே ஏறி, கழுத்துவரை உள்ளே நுழைந்தது. அதன் தலையில் பழம் அப்பி நின்றது, தாடையிலும் வழிந்து தொங்கியது. சத்தம் கேட்டு வந்த உலகம்மை இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன கோலம் இது? கல்யாண வீட்டுக்கா போறீங்க?"

செவலை அவள் புடவை ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"யம்மா, இப்போ அவளைத் திறந்து விடுங்க."

உலகம்மை ஒரு நிமிடம் அவள் தலையைப் பார்த்தாள். பிறகு பஞ்சாரத்தைத் தூக்கினாள். கருப்பி தயங்கித் தயங்கி வந்தாள். எல்லாத் தலையும் சிவப்பு. எது காயம், எது பழம் என்று யாருக்கும் தெரியவில்லை. சேவல் ஒரு பெட்டையின் தலையில் ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. பதிலுக்கு அவள் அதன் தலையில் நறுக்கென்று ஒன்று வைத்தாள்.

"ஐயோ! வலிக்குது!"

"எனக்கு வலிக்கலையா?"

அதற்குப் பிறகு எல்லோரும் மேயப் போய்விட்டார்கள். கருப்பியும் போனாள்.

சாயங்காலம் உலகம்மை ஒவ்வொருவராகப் பிடித்துக் கழுவிப் பார்த்தாள். சாயம் போகவில்லை. அப்பியிருந்த பழம் தோலோடு தோலாக ஒட்டி, நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிட்டது. கருப்பிக்குக் காயமே தடித்துக் கொண்டையானது. அன்று முதல்தான் கோழிகளுக்குச் சிவந்த கொண்டை. அதில் சேவலுக்குப் பெரியது, தாடையிலும் தொங்குவது. கொத்தும் பழக்கம் இன்றுவரை போகவில்லை. ஆனால் ரத்தம் கண்ட கோழியைத் தனியே எடுத்து, சிவப்புத் தெரியாமல் மஞ்சள் பூசி ஆற்றிவிட்டால், கூட்டம் அதை மறுபடி சேர்த்துக்கொள்கிறது.

இருட்டுவதற்குள் எல்லோரும் கூட்டுக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள். செவலையின் கொண்டையில் ஒரு கோவை விதை ஒட்டியிருந்தது. கருப்பி அதை மெல்லக் கொத்தி எடுத்து, தின்னாமல் அவள் முன்னால் போட்டாள்.