நிறுத்தாத மாப்பிள்ளைக் கார்

மறுபேச்சில்லாப்பட்டிக்காரர்கள் சொன்னதைச் செய்யவில்லை என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சொன்னதையே செய்தார்கள் என்பதுதான் குறை.

அந்த ஊர்க் கோமதிநாயகத்துக்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பெண் வடிவின் ஊர் இருபது கிலோமீட்டர் தள்ளி; கல்யாண மண்டபமும் அங்கேதான். கோமதிக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பாவோ, "முகூர்த்தம் தவறினா, அதே மணையில என் தங்கச்சி மவன உக்கார வச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார். தங்கச்சி மகன் விடியுமுன்பே குளித்து, பட்டு வேட்டி கட்டி, முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டதாகத் தகவல்.

கார் தாய்மாமன் ஆவுடையப்பனுடையது. மனிதராகப் பிறந்திருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கும். ஓட்டியவர் அக்காள் புருஷன் பிச்சையா; பக்கத்தில் மாமா. பாதி வழியில் கார் நாலு தரம் இருமியது, ஒரு தரம் குலுங்கியது, நின்றது.

கோமதி டவுன் மெக்கானிக் சேவியருக்குப் போன் போட்டான்.

"வண்டி என்ன செய்யுது?"

கோமதி காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "ஒண்ணுஞ் செய்யல அண்ணாச்சி. சும்மாதான் நிக்கு."

"பெட்ரோல் இருக்கா? முள்ளு எங்க நிக்குன்னு பாரு."

மூவரும் பார்த்தார்கள். "ரோட்டோரத்துல நிக்கு அண்ணாச்சி. உடைமரத்து முள்ளு. நல்ல நீளம்."

சேவியர் டேங்கில் ஒரு குச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னார். குச்சி பாதி நனைந்து வந்தது.

"அப்ப பெட்ரோல் இருக்கு. காத்து பிடிச்சிருக்கும்."

ஆவுடையப்பன் போனை வாங்கி அணைத்தார். "காத்து பிடிச்சதுக்கு மெக்கானிக் என்னல செய்வான்?" என்றவர், துண்டை இடுப்பில் கட்டி, வேப்பங்குழை ஒடித்து வந்து பானட்டில் நாலு சாத்துச் சாத்தினார். "யாரு நீ? எந்த ஊரு?"

உள்ளே அசதியாகச் சாய்ந்த பிச்சையாவின் முழங்கை பட்டு ஹாரன் அடித்தது.

"கேட்டியா, பேசுது."

"ஆம்பளையா பொம்பளையா மாமா?" என்றான் கோமதி.

"கொரல் கனமா இருக்கு. ஆம்பளதான்."

"எங்க பெரியம்மைக்கும் இதே கொரல்தான்" என்றார் பிச்சையா.

இந்த விசாரணையில் அரைமணி போயிற்று. வண்டியை விட்டுப் போக அதுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம் என்றான் கோமதி. சாராயம் கேட்கும் என்றார் மாமா. "பெட்ரோல் குடிக்க வண்டியில ஏறினது சாராயத்துக்கா மசியும்?" என்றார் பிச்சையா.

மணி ஒன்பது இருபது. கோமதிக்குத் தங்கச்சி மகனின் பட்டு வேட்டி கண்முன் ஆடியது. மறுபடி போன் போட்டான்.

"ஏல, காத்துன்னா வெறுங்காத்து. கார்புரேட்டருக்குப் போற ரப்பர் குழாயக் கழட்டி, வாய வச்சு ஊது."

ஊதினார்கள். எவ்வளவு நேரம் என்று அவர் சொல்லாததால் முறை வைத்து ஊதினார்கள். சேவியரே திரும்பக் கூப்பிட்டு, "இன்னுமா ஊதுதிய? மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். கார் கிளம்பிவிட்டது.

"நல்லது. நானும் மண்டபத்துக்கே வாரேன். நான் வந்து சேருத வரைக்கும் வண்டிய நிறுத்திராதிய."

தமிழில் 'நிறுத்து' என்பது இஞ்சினை அணைப்பதையும் குறிக்கும், ஓட்டத்தை முடிப்பதையும் குறிக்கும். சேவியர் சொன்னது முதல் பொருளில். காருக்குள் இருந்த மூவருக்கும் தெரிந்தது இரண்டாம் பொருள் மட்டும்.

ஒன்பது ஐம்பதுக்கு மண்டபம் வந்தது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களை மெதுவாகக் கடந்து, கார் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி போயிற்று. நாலாவது சுற்றில் ஆரத்திக்காரர்கள் கூடவே ஓடினார்கள்.

"இறங்குங்க மாப்ள" என்றார் பெண்ணின் அப்பா.

"மெக்கானிக் வரணும் மாமா" என்று அடுத்த சுற்றில் சொன்னான் கோமதி.

"எதுக்கு?" என்று அதற்கடுத்த சுற்றில் கேட்டார்.

மண்டபத்தின் பக்கவாட்டுக் கதவு வழியாகக் கோமதிக்கு மேடை தெரிந்தது. ஒரு சுற்றில் தங்கச்சி மகன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தான். அடுத்த சுற்றில் படியில் நின்றான். அதற்கடுத்த சுற்றில் மணையில் இருந்தான்.

அப்போதுதான் சேவியர் ஸ்கூட்டரில் வந்தார். பார்த்தார். பின்னாலேயே விரட்டினார். "வந்துட்டம்ல, நிறுத்துங்கல" என்று கத்தினார்.

"வந்து சேந்துட்டாரா மாமா?"

ஆவுடையப்பன் தலையை நீட்டிப் பார்த்தார். "இல்ல மருமவனே. பின்னால வந்துக்கிட்டே இருக்காரு."

மணையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று அப்போதுதான் வடிவு நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். தட்டிலிருந்த தாலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அடுத்த சுற்றில் ஸ்கூட்டரைக் கைகாட்டி நிறுத்திப் பின்னால் ஏறினாள்.

"அண்ணாச்சி, சன்னலோரமா விடுங்க."

கோமதி சன்னல் வழியாக இரண்டு கைகளையும் நீட்டித் தாலியை வாங்கிக் கட்டினான். முதல் முடிச்சு வாசலில் விழுந்தது, இரண்டாவது சமையற்கட்டருகே, மூன்றாவது குழாயடியில். மேளக்காரர்களும் அட்சதைக்காரர்களும் பின்னால் ஓடிவந்தார்கள். மணி பத்து இருபத்தெட்டு.

கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே இறங்கலாமா மாமா?"

ஆவுடையப்பன் சன்னலுக்கு வெளியே, ஒரு முழத் தூரத்தில் ஸ்கூட்டர் ஓட்டிவந்த சேவியரை நிதானமாகப் பார்த்தார்.

"அவசரப்படாத மருமவனே. மொதல்ல பின்னால வந்துக்கிட்டிருந்தாரு, இப்பப் பக்கத்துல வந்துக்கிட்டிருக்காரு. இதே வேகத்துல வந்தார்னா சாயந்தரத்துக்குள்ள வந்து சேந்திருவாரு."