உச்சிக்கு ஏற மறுத்த புழு

கடலைக் காட்டின் ஓரத்தில் ஓர் ஆமணக்குச் செடி நின்றது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து ஒரே நாளில் பிறந்த இருநூறு புழுக்கள் அதில் குடியிருந்தன. கடலை விதைத்தவருக்கு அவை ஜென்மப் பகை. அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இது புழுக்களின் கதை. கொஞ்ச நேரம் நாம் அவற்றின் பக்கம் நிற்போம்.

பகல் முழுவதும் அவை கீழ் இலைகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். மேலே போனால் வெயில் சுடும், மைனா கொத்தும். அதனால் பகலில் உச்சி இலைக்கு ஏறுவதுதான் பெரிய வீரம் என்று அவை நம்பின. ஆனால் அதுவரை ஒன்றுகூட ஏறியதில்லை.

முதலில் ஏறியது நெட்டை என்ற புழு. இரண்டு நாளாக அது எதையும் தின்னவில்லை. தோல் வெளுத்து, எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது. ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் விறுவிறுவென்று ஏறி, உச்சி இலையில் தலைகீழாகத் தொங்கியது.

"அண்ணனப் பாருங்க! நம்ம வீட்டுலயும் ஒருத்தர் உச்சியத் தொட்டாச்சு!" என்று பூரித்தது மினுக்கு என்ற தங்கைப் புழு.

மறுநாள் நெட்டை அசையவில்லை. சாயங்காலம் அதன் உடல் உடைந்து, உள்ளிருந்தது சொட்டுச் சொட்டாக ஓரத்து இலை ஒன்றின் மேல் விழுந்தது. அந்த இலையில் பொட்டு என்ற புழு மட்டும்தான் மேய்ந்துகொண்டிருந்தது. இலை பிசுபிசுவென்று இருந்தது, லேசாக நாறவும் செய்தது. ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் பொட்டு எதையும் பார்க்காது. நரம்பு மட்டும் மிஞ்சும்வரை தின்று தீர்த்தது.

நாலு நாள் போனது. பொட்டுவுக்குப் பசி நின்றது. தோல் வெளுத்து மினுங்கியது. காலெல்லாம் ஒரே பரபரப்பு. ஏறு, ஏறு என்று உள்ளே எதுவோ விரட்டியது. கீழே இறங்கப் பார்த்தால் உடம்பு தானாக மேலே திரும்பியது.

அப்போதுதான் பொட்டுவுக்குப் புரிந்தது. பாவம் நெட்டை அண்ணன், அது ஆசைப்பட்டு ஏறவே இல்லை.

"மினுக்கு, எனக்குள்ள ஏதோ கிருமி பூந்திருக்கு. என்ன உச்சியில கொண்டுபோய் உடைக்கப் பாக்குது. நான் அங்க உடைஞ்சா, கீழ இருக்கிற எல்லா இலையிலயும் சொட்டும். நீங்க எல்லாரும் அதத்தான் திம்பீங்க. வேற செடிக்குப் போயிருங்க" என்றது.

மினுக்கு சிரித்தது. "ஏறப் பயமா இருந்தா பயம்னு சொல்லு. நெட்டை அண்ணன் இப்படியா கத கட்டுச்சு?"

மற்றவையும் சேர்ந்து சிரித்தன. பொட்டுவுக்கு அழுகையாக வந்தது. தண்டைப் பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டு அங்கேயே கிடந்தது. பின்னங்கால்கள் மட்டும் மேலே போகத் துடித்துக்கொண்டே இருந்தன.

அந்த நேரம் பார்த்து ஒரு மண்குளவி வந்தது. அதற்கும் ஓர் அவசரம். மண்ணால் கட்டிய கூட்டுக்குள் முட்டை தொங்கிக்கொண்டிருந்தது. குஞ்சு பொரிந்தால் தின்ன, ஒரு கொழுத்த புழுவை உள்ளே வைத்து இன்றைக்குள் கூட்டின் வாயை அடைக்க வேண்டும். நிழலைக் கண்டதும் எல்லாப் புழுக்களும் இலைக்கடியில் ஓடின. பொட்டு மட்டும் ஓடவில்லை.

பேசாமல் இருந்தால் குளவி தூக்கிக்கொண்டு போய்விடும். மற்ற எல்லோரும் தப்பிப்பார்கள். ஆனால் கூட்டுக்குள் ஒரு பிள்ளை பட்டினியில் சாகும். எதிரியின் பிள்ளைதானே என்று பொட்டு ஒரு கணம் நினைத்தது. பிறகு மனசு கேட்கவில்லை.

"குளவியம்மா, எனக்கு நோய். நாளைக்குள்ள அழுகித் தண்ணியாப் போயிருவேன். உன் பிள்ளைக்கு மிஞ்ச மாட்டேன்."

"கொட்டப் போனா எல்லாப் புழுவுக்கும் நோய் வந்துருமே" என்றது குளவி.

"விட்டுருன்னு நான் சொல்லலியே. தூக்கிட்டுப் போன்னுதான் சொல்றேன். கூட்டுக்கு மட்டும் வேண்டாம். இலையே இல்லாத இடமாப் பாத்துப் போட்டுரு."

குளவி திகைத்தது. தூக்கிப் போகச் சொன்ன புழுவை அது கண்டதே இல்லை. மீசையால் பொட்டுவின் தோலைத் தடவிப் பார்த்தது. சொன்னது நிஜம்தான்.

"இவங்களக் காப்பாத்தி என்ன பண்ணப்போற? நாளைக்கு நானே வந்து பிடிக்கத்தானே போறேன்?"

"உன்னால நாளைக்கு ஒண்ணு ரெண்டுதான் தூக்க முடியும். இந்த நோய் ஒருத்தரையும் விடாது."

குளவி கொடுக்கை நீட்டியது. பிறகு, "கொட்டவா? மரத்துப்போயிரும். அந்த ஏறுற தவிப்பும் அடங்கிரும்" என்று கேட்டது. பொட்டு தண்டைக் கடித்திருந்த பல்லை விட்டது.

காட்டைத் தாண்டி ஒரு மொட்டைப் பாறை இருந்தது. குளவி பொட்டுவை அதன் மேல் பூப்போல வைத்தது. நல்ல வெயில். பொழுது சாய்வதற்குள் பொட்டு காய்ந்து சருகானது. அதோடு நோயும் முடிந்தது.

குளவி திரும்பி வந்தபோது மினுக்கு சொல்லிக்கொண்டிருந்தது: "பயந்தாங்கொள்ளி! உச்சிக்கு ஏறியிருந்தா குளவிகிட்ட மாட்டியிருக்குமா?"

மினுக்கு நல்ல கொழுகொழுவென்று இருந்தது. குளவி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. என்ன நினைத்ததோ, கொடுக்கை மடக்கிக்கொண்டு அடுத்த காட்டுக்குப் பறந்துபோனது. அன்று ஒரு நாள் மட்டும்தான். மறுநாள் வழக்கம்போல வந்து ஒன்றைத் தூக்கிப்போனது.

மிஞ்சியவை மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அந்துப்பூச்சியாக வெளியே வந்தன. மினுக்கு இன்னொரு ஆமணக்குச் செடியில் முட்டையிட்டது. சாகும்வரை, உச்சியைத் தொட்ட நெட்டை அண்ணனின் பெருமையைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தது. பொட்டு என்ற பெயரை அது ஒருமுறைகூட எடுக்கவில்லை.

உச்சிக்கு ஏறியவரைத்தான் ஊர் கொண்டாடும். ஆனால் தன் கேடு தன்னோடு போகட்டும் என்று ஒதுங்கியவரால்தான் அந்த ஊர் பிழைத்திருக்கும்.