பத்துக் குதிரைக்கு ஒரு கயிறு

சுவர் கிடையாது, கதவு கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. உள்ளே பத்துப் பேர் இருக்கிறார்கள். போனால் யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனாலும் ஒருவரும் வெளியே போவதில்லை. அது எந்த வீடு, சொல்லு பார்ப்போம்.

பள்ளிக்கூடமா? பள்ளிக்கூடத்துக்குக் கதவு இருக்கே. மணியடிச்சதும் நீங்க எல்லாரும் ஓடி வந்துடுறீங்களே. கோயிலா? கோயிலுக்கு எவ்வளவு பெரிய சுவர். சரி, தெரியலைன்னா விடு. கதையைக் கேளு, உள்ளேயே வந்துடும்.

மழை ஏமாற்றிவிட்ட ஒரு வருஷத்தில் ஒரு ராஜா இருந்தார். ராஜாவிடம் முப்பது குதிரைகள் இருந்தன. முப்பதுக்கும் வயிறு இருந்தது. ஆனால் ஊரில் புல் இல்லை. மலையடிவாரத்தில்தான் புல் இருக்கிறது என்றார்கள். அங்கே போக நாலு பகல் நடக்க வேண்டும், வழியில் மூன்று ராத்திரி தங்க வேண்டும்.

குதிரை லாயத்துக்கு உடையப்பர் என்று ஓர் அதிகாரி. பட்டுச் சட்டையும் பெரிய மீசையுமாக இருப்பார். அவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. நாணற்குடி என்று ஒரு சின்ன ஊர், அந்த ஊருக்கு ஓர் ஏரிக்கரை, அந்தக் கரையில் ஒரு புல்வெளி. மழை பெய்தால் முதலில் பச்சை பிடிப்பது அதுதான். ஊர் மாடெல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. மாட்டை நம்பி ஊரும் இருந்தது.

உடையப்பர் ராஜாவிடம் போய், "மகாராஜா, அந்தப் புல்வெளியை எனக்குக் கொடுத்திடுங்க. வேலி போட்டு வச்சுக்கிறேன்" என்றார்.

நாணற்குடிக்காரர்களும் ஓடி வந்து, "சாமி, அதை எடுத்துட்டா எங்க மாடுங்க செத்துப் போயிடும்" என்று அழுதார்கள்.

ராஜா யோசித்தார். இந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை, அந்தப் பக்கமும் சொல்ல முடியவில்லை. கடைசியில், "எனக்கு இப்போ குதிரைதான் கவலை. உடையப்பர் பத்தைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். நம்ம தளபதி மழவர் பத்தைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். நாணற்குடிக்காரங்க பத்தைக் கூட்டிக்கிட்டுப் போகட்டும். நான் மலையடிவாரத்துல காத்திருப்பேன். பௌர்ணமிக்குள்ள வந்து சேரணும். ஒண்ணு குறையக்கூடாது, ஒரு காயம் இருக்கக்கூடாது, எலும்பு தெரிய இளைச்சும் வரக்கூடாது. யாரு அப்படிக் கொண்டாந்து விடுறாங்களோ, புல்வெளி அவங்களுக்கு" என்றார்.

நாணற்குடிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஊரில் ஒருவருமே குதிரை வாலைக்கூடத் தொட்டதில்லை.

"பகல்ல பிடிச்சுக்கிட்டு நடந்திடலாம். ராத்திரி எங்கே வைக்கிறது?" என்றார் ஒருவர்.

"காடு வேற, நரி வேற" என்றார் இன்னொருவர்.

அப்போது, "நான் போறேன்" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று பார்த்தால், சடைச்சி.

சடைச்சி இரண்டு கழுதை மேல் உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்பவள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரித்தார்கள் தெரியுமா? அவளுடைய கழுதைகள் தினமும் ஓடிப்போகும். தினமும் அவள் பின்னாலேயே, "ஏ ராசா, எங்கடா போறே" என்று பேசிக்கொண்டே போவாள்.

"ரெண்டு கழுதையைக் கட்டி வைக்கத் தெரியாதவ பத்துக் குதிரையைக் காப்பாத்தப் போறாளாம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"மதினி, உங்க வீட்டு மாடு ஒரு நாளும் ஓடினதில்ல. அதனால அது எப்படி ஓடும்னு உங்களுக்குத் தெரியாது. என் கழுதைங்க எனக்கு எல்லாத்தையும் காட்டிடுச்சு. முள்வேலி போட்டேன், தாண்டிச்சு. முளையடிச்சுக் கட்டினேன், முளையைப் பிடுங்கிக்கிட்டுப் போச்சு. படல் வச்சு மூடினேன், படலைத் தள்ளிக்கிட்டுப் போச்சு" என்றாள் சடைச்சி.

"அப்புறம் எதை வச்சுத்தான் நிறுத்துவே?"

"அதுங்க தானா நிக்கிற இடம் ஒண்ணு இருக்கு மதினி. ஓடைப் பக்கம் செந்தட்டிப் புதர் இருக்குல்ல, அதுல ஒரு தடவை மூக்கை விட்டுச்சு. அன்னையிலேருந்து அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கிறதில்ல."

செந்தட்டி தெரியுமா உனக்கு? பார்த்தால் சாதாரண இலை. மேலே பூனைமுடி மாதிரி சுணை இருக்கும். பட்டால் போதும், சுரீர் என்று எரியும், அப்புறம் அரிக்கும், அரிக்க அரிக்கத் தடிக்கும். இலை வாடினாலும் சுணை போகாது. கையை நீட்டாதே, இங்கே இல்லை.

ஊரில் வேறு யாரும் முன்வராததால் சரி என்றார்கள். நாலு ஆட்கள் துணைக்குப் போவதாக முடிவானது.

மூன்று பேருக்கும் குதிரைகளைப் பிரித்துக் கொடுத்தார்கள். உடையப்பர் என்ன செய்தார்? தேக்குப் பலகை, இரும்புத் தூண், கொண்டி எல்லாவற்றையும் ஆறு மாட்டு வண்டியில் ஏற்றினார். "போற இடமெல்லாம் நம்ம லாயம் கூடவே வரும்" என்று மீசையைத் தடவினார்.

தளபதி மழவர் என்ன செய்தார்? குதிரைக்கு இரண்டு முளையும் நாலு கால்கட்டுக் கயிறும் எடுத்துக்கொண்டார். "போர்க்களத்துல இப்படித்தான் கட்டுவோம். அசைய முடியாது" என்றார்.

சடைச்சி என்ன செய்தாள்? மெல்லிசான தேங்காய் நார்க் கயிறு ஒரு சுருள். மூங்கில் கழி ஒரு கட்டு. கிழிந்த வெள்ளை வேட்டி ஒன்று. கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போய் ஒரு மூட்டை செந்தட்டி அறுத்து வந்தாள்.

மற்ற இரண்டு பேரும் புறப்பட்டுப் போய்விட்டார்கள். சடைச்சி புறப்படவில்லை. ஏரிக்கரையில் கழிகளை வட்டமாக நட்டாள். குதிரையின் நெஞ்சு உயரத்துக்குக் கயிற்றைச் சுற்றிவர இழுத்துக் கட்டினாள். தூரத்திலேயே கண்ணில் படட்டும் என்று வேட்டியைக் கிழித்து ரிப்பன் ரிப்பனாகத் தொங்கவிட்டாள். கயிறு முறுக்குக்குள்ளே செந்தட்டியைச் செருகினாள். குதிரைகளை உள்ளே விட்டாள்.

"என்ன சடைச்சி, அவங்க இந்நேரம் ஆத்தைத் தாண்டியிருப்பாங்க, நீ இங்கே கொடி கட்டித் துணி காயப்போடுறியே" என்று ஊரார் பதறினார்கள்.

"வழியில கத்துக்கொடுத்தா ஓடிடும். வீட்டுல கத்துக்கிட்டுத்தான் புறப்படணும்" என்றாள் சடைச்சி.

பத்தில் நெற்றி வெளுத்த குதிரை ஒன்று இருந்தது. மகா போக்கிரி. அது முதலில் வந்து மூக்கால் கயிற்றைத் தொட்டது. சுரீர் என்றது. பின்னால் துள்ளிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை விட்டுவிட்டு உதட்டால் தொட்டது. சுரீர். மறுபடி துள்ளிப் போனது. மூன்றாம் தடவை கயிற்றுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று, கயிற்றைப் பார்த்தது, சடைச்சியைப் பார்த்தது, அப்புறம் குனிந்து சருகை மேயப் போய்விட்டது. அதைப் பார்த்து மற்றவையும் அப்படியே.

இரண்டு நாள் அந்த வட்டத்துக்குள்ளேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் புறப்பட்டாள்.

போகிறாள், போகிறாள், ஆற்றங்கரை வந்தது. அங்கே பார்த்தால் உடையப்பரின் வண்டிகள் அச்சு வரைக்கும் மணலில் புதைந்து கிடந்தன. அத்தனை பலகையையும் இறக்கி, வண்டியைத் தூக்கி, மறுபடி ஏற்றி, இதிலேயே அவருக்கு இரண்டு நாள் போயிருந்தது. வழியில் இருந்த கொஞ்சநஞ்சப் புல்லையும் வண்டி மாடுகள் தின்றுவிட்டன. குதிரைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது.

போகிறாள், போகிறாள், கருவேலங்காடு வந்தது. அங்கே மழவர் ஒரு குதிரையின் காலுக்கு மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார்.

"நரி ஊளையிட்டுச்சும்மா. எல்லாம் மிரண்டு இழுத்துச்சு. கயிறு தோலை உரிச்சிடுச்சு" என்றார். நல்ல மனிதர் அவர். "என் கணக்கு முடிஞ்சு போச்சு. நீயாவது பத்திரமாப் போ" என்று வழிவிட்டார்.

போகிறாள், போகிறாள், மலை கண்ணுக்குத் தெரிந்தது. கடைசித் தங்கல். பொழுது இன்னும் சாயவில்லை. கழிகளை நட்டு, கயிற்றைக் கட்டி, குதிரைகளை உள்ளே விட்டாள். கயிறு கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நீ ஒரு தோசை தின்கிற நேரம்.

அப்போது பின்னாலேயே உடையப்பர் வந்து சேர்ந்தார். பலகையை எல்லாம் ஆற்றிலேயே விட்டுவிட்டு, குதிரைகளை வெறும் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்ததில் மூன்று குதிரைகள் அறுத்துக்கொண்டு போயிருந்தன. மீதி ஏழு எலும்பும் தோலுமாக நின்றன. இங்கே பத்தும் மலைப்பக்கத்துப் புல்லை மேய்ந்து வயிறு நிறைந்து, ஒன்று படுத்துக்கொண்டு, ஒன்று புரண்டுகொண்டு.

"என்ன சடைச்சி இது, துணி காயப்போடுற கொடியா?" என்றார்.

"ஆமாங்க எசமான்."

"இதை ஒரு ஆட்டுக்குட்டி அறுத்துக்கிட்டுப் போயிடுமே. குதிரை ஏன் நிக்குது?"

"நிக்கச் சொன்னேன், நிக்குதுங்க. நீங்க கயிறு பக்கம் மட்டும் வராதீங்க எசமான்."

வராதே என்றால் சில பேருக்கு வரத்தான் தோன்றும். சடைச்சியும் துணை ஆட்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். 'வசியக் கயிறு. அதனாலதான் வராதேங்கிறா. இதை எடுத்துட்டா இவ குதிரையும் ஓடிடும், புல்வெளி யாருக்கும் இல்லாம போகும், அப்புறம் நான் ராஜாவைப் பார்த்துக்கிறேன்' என்று நினைத்தார் உடையப்பர். கயிற்றை அவிழ்த்தார். விரலில் சுருக்கென்றது, நார்ச் சிலும்பு என்று உதறிவிட்டார். கையில் தூக்கிப் போனால் பார்த்துவிடுவார்களே? சட்டையைத் தூக்கி, இடுப்பு வேட்டி மேல் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. மீதியைத் தோளில் துண்டு மேல் போட்டு, மேலே பட்டுச் சட்டையை இழுத்துவிட்டார்.

"ஹை, ஹை, போங்க" என்று குதிரைகளை விரட்டினார்.

குதிரைகள் போகவில்லை. வெறும் கழிகள் வரிசையாக நின்றன. நெற்றி வெளுத்த குதிரை கழி வரைக்கும் வந்தது, காற்றை மோந்தது, திரும்பிப் போய் மேய்ந்தது. மற்றவையும் அப்படியே. இப்போ தெரியுதா அந்த வீடு எதுன்னு? ஆமாம், அதுவேதான்.

உடையப்பர் மறுபடி கையை ஓங்கினார். ஓங்கின கை பாதியில் நின்றது. துணியைத் தாண்டிச் சுணை இறங்க, இடுப்பில் சுரீர் என்றது. தோளில் சுரீர் என்றது. அப்புறம் அவர் ஓடின ஓட்டம் இருக்கிறதே, அந்த மூன்று குதிரைகூட அப்படி ஓடியிருக்காது.

சடைச்சி திரும்பி வந்தாள். கயிற்றைக் காணோம். குடம் கையிலிருந்து நழுவி விழுந்தது. ஊர் போச்சு, மாடு போச்சு, புல்வெளி போச்சு என்று உட்கார்ந்துவிட்டாள். ஒரு ஆள் மெல்ல, "அக்கா, எண்ணிப் பாரு" என்றான். எண்ணினாள். பத்து. மறுபடி எண்ணினாள். பத்து.

அவள் எழுந்தாள். பக்கத்தில் படர்ந்திருந்த கொடியை அறுத்துக் கழிக்குக் கழி கட்டினாள். புடவைத் தலைப்பைக் கிழித்து ரிப்பனாகத் தொங்கவிட்டாள். அதில் செந்தட்டி ஒரு இலைகூட இல்லை. நூல் மாதிரி கொடி. பத்துக் குதிரையும் விடிகிற வரைக்கும் அதற்குள்ளேதான் நின்றன.

மறுநாள் பௌர்ணமி. மலையடிவாரத்தில் பந்தல் போட்டு ராஜா உட்கார்ந்திருந்தார். மழவர் வந்து, "காயம் பட்டுடுச்சு மகாராஜா, என் தப்பு" என்று ஒதுங்கி நின்றார். உடையப்பர் ஏழு குதிரையோடு வந்து, "மூணைப் புலி அடிச்சிடுச்சு மகாராஜா. இந்தச் சடைச்சி மந்திரக்காரி, இவளை நம்பாதீங்க" என்றார். சொல்லும்போதே இடுப்பைச் சொறிந்தார். தோளைச் சொறிந்தார். அதுவும் போதாமல் பந்தக்காலில் முதுகைத் தேய்த்தார்.

"என்னய்யா, எருமை மாதிரி?" என்றார் ராஜா.

"வெயில் மகாராஜா."

"எசமான், முதல்ல அரிச்சது இடுப்பா தோளா?" என்று சடைச்சி கேட்டாள்.

"இடுப்புதான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார் உடையப்பர்.

ராஜா சட்டையைக் கழற்றச் சொன்னார். இடுப்பைச் சுற்றி மூன்று வரி, தோளில் ஒரு வரி, கயிறு கிடந்த இடமெல்லாம் செக்கச்செவேல் என்று தடித்திருந்தது. சடைச்சி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு ராஜா சிரித்தார், மழவர் சிரித்தார், சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இனிமே நான் குதிரையோட எங்கே போனாலும் இந்தக் கயிறுதான். அதுக்குச் செந்தட்டி அறுத்துக் கொண்டாற உத்தியோகம் உடையப்பருக்கு. முதல்ல போய் அந்த மூணு குதிரையைத் தேடிக் கொண்டாரட்டும்" என்றார் ராஜா.

புல்வெளி நாணற்குடிக்கு. நாட்டாமையிலிருந்து எதிர்வீட்டு மதினி வரைக்கும் ஊரே எல்லைக்கு வந்து, மேளம் அடித்து, சடைச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. அடுத்த மழையில் ஏரிக்கரை பச்சை பிடித்தது, மாடுகள் மேய்ந்தன, மேய்ந்த மாடு பால் கொடுத்தது, அந்தப் பாலைக் குடித்தவர்கள் சொல்லித்தான் இந்தக் கதை நமக்கு வந்தது.

இப்போ நீ சொல்லு. நாளைக்கு உன்கிட்ட பத்துக் குதிரையைக் கொடுத்து, மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போன்னு சொன்னா, நீ எதை எடுத்துப்பே? பலகை வண்டியா, கால்கட்டா, செந்தட்டிக் கயிறா?

குழந்தை யோசித்துவிட்டு, பலகை வண்டி என்றது. அதில் படுத்துக்கொண்டு போகலாமாம்.