லட்டுவோட ஏகாதசி

வக்கீல் குலோத்துங்கன் கோர்ட்டு, கேஸு எல்லாத்தையும் உதறிட்டு ஏலகிரி அடிவாரத்து ஆசிரமத்துக்கு வந்தது உபதேசம் வாங்கத்தான். வந்து பல மாசம் ஆச்சு. அங்க குருவா இருக்கற நாச்சியாரம்மா அவருக்குக் குடுத்தது ரெண்டு கினி பிக், எலி ஜாதி.

வெளிநாட்டுக்குக் கெளம்பின ஒரு குடும்பம் விட்டுட்டுப் போனதுங்க. வாலே கெடையாது. பொசுபொசுன்னு முடி, ரெண்டு கையில அள்ளிக்கலாம். பழுப்பா இருக்கறது லட்டு, கறுப்பா இருக்கறது பூந்தி. பேரு அந்த வீட்டுப் பசங்க வெச்சது.

மக வயசுல இருக்கற ஒருத்தங்ககிட்ட சிஷ்யனா சேந்ததே பெருசுன்னு நெனைச்சிருந்தவரு. இப்ப எலிக்குத் தீனி வேற போடணும். முனகல, நேராவே கேட்டாரு, எனக்கு உபதேசம் எப்பன்னு. அம்மா கூண்டைக் காட்டினாங்க. காஞ்ச புல்லு எந்நேரமும் கெடக்கணும், காலையில கொஞ்சம் குடமிளகா, கொத்தமல்லி, வெங்காயம் உருளைக்கிழங்கு கண்ணுலயே காட்டக் கூடாது, பழம் கேரட்டெல்லாம் எப்பவாவது ஒரு துணுக்கு. அவ்வளவுதான் சொன்னாங்க.

வக்கீலுக்கு சுருக்குனு வந்துச்சு. ஊருக்கே அன்னதானம் போடுற எடத்துல வாயில்லா ஜீவனுக்கு மட்டும் புல்லா? அதுவும் வாயில்லாத ஜீவனா அதுங்க? பிளாஸ்டிக் கவரு சலசலன்னா போதும், ரெண்டும் கம்பிமேல காலைப் போட்டு நின்னுக்கிட்டு வீக் வீக்னு ஊரக் கூட்டும். பசிதான், வேற என்னன்னு அவரே தீர்ப்பு எழுதிட்டாரு. பக்தருங்க கொண்டாந்த ஆப்பிளு, கேரட்டு, முட்டைக்கோசுன்னு அள்ளி அள்ளிப் போட்டாரு.

லட்டுவுக்கு வயித்தால போச்சு.

அம்மா வந்து பாத்தாங்க. லட்டுவுக்குக் காயை நிறுத்துங்கன்னாங்க. பூந்திக்கு மட்டும் ஒரு துண்டு குடமிளகா போட்டாங்க. ஒரே கூண்டுல ரெண்டு சட்டமான்னு சமையக்கட்டு வரைக்கும் பின்னாடியே போயி வாதாடினாரு குலோத்துங்கன். அம்மா அரிசி பொறுக்கிக்கிட்டே கேட்டாங்க. கேட்டு முடிச்சதும், பூந்திக்குத் தண்ணி மாத்திட்டீங்களான்னாங்க.

மறுநாள் ஏகாதசி. அம்மா சொல்படி ஆசிரமமே பட்டினி. வக்கீல் யோசிச்சாரு. காயை நிறுத்துன்னா வயித்துக்கு ஓய்வு குடுன்னுதான அர்த்தம்? பாதி ஓய்வு என்ன ஓய்வு? குளிச்சு முடிச்ச கையோட லட்டுவைத் தனிக் கூடையில விட்டாரு. தண்ணி மட்டும் வெச்சாரு. புல்லு ஒரு இணுக்கு கூட இல்ல. அம்மா சொல்லாம விட்டதையும் புரிஞ்சுக்கற அளவுக்கு வந்துட்டோம்னு உள்ளுக்குள்ள ஒரே பூரிப்பு.

மத்தியானம் கவரை ஆட்டிப் பாத்தாரு. பூந்தி கத்துச்சு. லட்டு கத்தல. முடி சிலுத்துக்கிட்டு, முதுகைக் குறுக்கிக்கிட்டு மூலையில கெடந்துச்சு. புல்லை எடுத்து மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. மோந்துகூடப் பாக்கல. அம்மாவக் கூப்பிட ஓடினாரு.

திருப்பத்தூர்ல டாக்டர் ஊசி போட்டாரு. இதுங்களுக்குப் பட்டினியே ஆகாதுங்க, கொடல்ல புல்லு ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா உசுருக்கே மோசம்னாரு. தீவனத்தைக் கரைச்சு சிரிஞ்சுல எடுத்து வாயோரமா துளித்துளியா விடுங்க, தானா திங்க ஆரம்பிச்சாத்தான் நம்பலாம்னு அனுப்பி வெச்சாரு. வண்டியில வர்ற வழியெல்லாம் கூடை குலோத்துங்கன் மடியிலதான்.

கூடத்துல தரையில ஒக்காந்தாங்க அம்மா. கொஞ்சம் கொஞ்சமா சிரிஞ்சுல ஊட்டினாங்க. முடிச்சதும் புல்லைப் பரத்தி, லட்டுவையும் பூந்தியையும் பக்கத்துல பக்கத்துல விட்டாங்க. பூந்தி நொறுக்கு நொறுக்குன்னு மென்னுச்சு. லட்டு அசையல. அம்மா ஒரு கொத்தமல்லித் தண்டை எடுத்து வாயில போட்டு, பூந்தியோட சேந்து மெல்ல ஆரம்பிச்சாங்க.

தாவாரத்துல நின்ன ரெண்டு பக்தருங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

"அம்மா, இன்னிக்கு ஏகாதசி." குலோத்துங்கன்தான் சொன்னாரு.

"அதுக்குத் தெரியாதே, வக்கீல் சார்."

அவ்வளவுதான், வக்கீலுக்குப் பொறுக்கல. "போட்டேன், தப்புன்னீங்க. நிறுத்தினேன், அது அதவிடத் தப்பாப் போச்சு. இதுக்குப் போடுறீங்க, அதுக்கு இல்லங்கறீங்க. விரதம் இருக்கச் சொன்ன நீங்களே மெல்லுறீங்க. எது சரின்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கம்மா. எவ்வளவு சரி?"

"மெதுவாப் பேசுங்க. பயந்துக்கும்."

பொத்துனு தரையில ஒக்காந்துட்டாரு.

ரொம்ப நேரம் கழிச்சு லட்டு மூக்கை நீட்டுச்சு. ஒரு இணுக்கை இழுத்துச்சு. பாதி மென்னுச்சு. மீதியக் கீழ விட்டுருச்சு.

"பொழைச்சுக்குமாம்மா?"

"தெரியல."

"இன்னும் கொஞ்சம் ஊட்டலாமா, விட்டுறலாமா?"

அம்மா லட்டுவோட தாடையவே பாத்துக்கிட்டிருந்தாங்க.

"அப்ப உங்களுக்கே தெரியாதா?" அவரு கொரல்ல இப்ப சண்டை இல்ல.

"தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட சொல்லிட்டு எப்பவோ எந்திரிச்சுப் போயிருப்பேனே."