இருபது காட்டிய முள்

அந்த அணையின் பெரிய இன்ஜினியருக்குத் தன் வாயில் வருகிற எண் எல்லாம் சட்டம். ஒருநாள் அடிமதகில் மரக்கிளை சிக்கிக்கொண்டது. மூச்சடக்கி இறங்கி அதை எடுக்க, தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் குருஸ் என்பவனை வரவழைத்தார்கள். குடை பிடிக்க ஓர் ஆளோடு வந்த இன்ஜினியர், அடிமதகின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைத் தட்டினார்.

"இருபது காட்டுது. இருபது அடி. ஒரே மூச்சுல முடிச்சிரு."

குருஸ் மீட்டரைப் பார்க்கவில்லை, அவருடைய ஜீப்பைப் பார்த்தான்.

"சார், உங்க டயர்ல காத்து எவ்வளவு?"

"முப்பது. அதுக்கென்ன?"

"அப்ப அந்த டயரு முப்பது அடி ஆழமா சார்?"

குடை பிடித்தவன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ரெண்டும் பவுண்டுக் கணக்கு சார். ஒரு பவுண்டு அழுத்தம்னா மேல ரெண்டேகால் அடிக்கும் கொஞ்சம் கூடுதலா தண்ணி நிக்குதுன்னு அர்த்தம். இருபதுக்கு நாற்பத்தாறு அடி."

கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினான். மேலே இழுத்து அளந்தபோது நாற்பத்தாறு அடி நனைந்திருந்தது.

இன்ஜினியரின் குரல் தணிந்தது. "இதை எங்கே படிச்சே?"

"பஞ்சர் கடையில சார். போன வருஷம் இதே மதகுல இறங்கின என் தம்பி சிலுவை திரும்பி மேல வரலை. அவனை எடுக்க நாற்பத்தாறு அடிக் கயிறு வேண்டியிருந்துச்சு. அன்னைக்கும் மீட்டர் முள்ளு இருபதுலதான் நின்னுச்சு. ஏன்னு ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்சேன்."

இன்ஜினியர் தலைகுனிந்தார். குருஸ் ஈரக் கயிற்றைச் சுருட்டினான்.

"அன்னைக்கும் இருபது அடின்னு சொன்னது நீங்க சார். இருபதுதானே, நீயே போயிட்டு வாடான்னு அவனை அனுப்பினது நான்."