பின்னறைக்கு வராத வைஃபை

குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

குருவின் பெயர் நிலோபர். உடுமலைப்பேட்டையில் ஒரு பழைய படிப்பகத்தின் மாடியில், செவ்வாயும் வியாழனும் மாலை நேரத்தில் உட்கார்ந்திருப்பார். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியோடு மல்லுக்கட்டி மாட்டிக்கொண்டவர்கள் அவரைத் தேடி வருவார்கள். கட்டணம் கிடையாது. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அடுத்தவர் கீபோர்டை அவர் தொடமாட்டார். திரையில் என்ன வந்ததோ அதை ஒரு வரி விடாமல் வந்தவரே படித்துச் சொல்ல வேண்டும். சொன்னால் பதில் கிடைக்கும். சொல்லாதவர்களுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

சீடர் பொன்னுரங்கம், தாலுகா அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் வந்து நின்றவர்களை அவர் எத்தனை முறை திருப்பி அனுப்பியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஓய்வுக்குப் பிறகு, வீட்டில் கிடந்த கணினியில் குருவிடம் கேட்டுக் கேட்டுத் தானே லினக்ஸ் போட்டார். அதையும் தமிழிலேயே போட்டார். அந்தப் பெருமையில் ஆறு மாதம் ஓடியது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாடிப்படி ஏறும்போதே அவர் முகம் சிவந்திருந்தது.

“இந்த லினக்ஸ் மனுசனுக்கு ஆகாதுங் அம்மிணி. இந்தக் கெரகத்த என் தலையில கட்டுனதே நீங்கதான்” என்றார்.

குரு நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை. நின்றபடியே கொட்டித் தீர்த்தார்.

போன வாரம் புதன்கிழமை அவர் மனைவி அமிர்தவல்லி பஸ்ஸை விட்டு இறங்கும்போது கால் பிசகி விழுந்து, கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டாயிற்று. ஆறு வாரத்துக்குக் காலை ஊன்றக் கூடாது. அவரைப் பின்னறையில் படுக்க வைத்து, ஹாலில் இருந்த கணினியையும் தூக்கிக்கொண்டுபோய் அங்கேயே வைத்துவிட்டார். ஆனால் இணையப் பெட்டி இருப்பது ஹாலில். அதிலிருந்து வரும் கம்பி நாலு முழம்தான் இருக்கும். அதனால் கடையில் விரல் நீளத்துக்கு ஒரு வைஃபை குச்சி வாங்கிவந்து கணினியில் செருகினார். அது அசைந்து கொடுக்கவில்லை.

பொழுதுபோக்குக்கு என்றால் யாரும் இப்படிக் கொதிக்கமாட்டார்கள். அமிர்தவல்லி காது கேளாதவர்களுக்குச் சைகையில் மொழிபெயர்ப்பவர். அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் பதினோரு பேருக்கு, வேறு ஊரிலிருந்து ஒரு ஆசிரியர் நடத்தும் பாடத்தைச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் சைகையாக்கித் தருவார். போன சனிக்கிழமை கைபேசியில் முயன்றார். பின்னறையில் சிக்னல் ஒரு கோடுதான். பேச்சு என்றால் விட்டுவிட்டுக் கேட்டாவது ஒப்பேற்றலாம். சைகையில் கை பாதியில் உறைந்தால் சொல்லும் பாதியில் நின்றுவிடும். ‘அக்கா, உங்கள் கை நின்றுவிட்டது’ என்று பதினோரு பேரும் மாறி மாறி எழுதி அனுப்பினார்கள். அடுத்த வாரம் தேர்வு. வகுப்பு என்று மிச்சம் இருப்பது இந்தச் சனிக்கிழமை ஒன்றுதான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு குரு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“குச்சியச் செருகுனா ஸ்கிரீன்ல என்னங்க சார் வருது?”

“என்னத்தையோ காட்டுதுங்.”

“என்னன்னு படிச்சீங்களா?”

“அதப் படிச்சுட்டு உக்காந்திருக்க எனக்கு நேரமில்லீங்.”

“தமிழ்லதானுங்களே வருது?”

“அதனாலதான் ஒரு எழவும் புரியலீங்” என்றார் சீடர்.

குரு எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பொன்னுரங்கம் அதைக் குடிக்காமல் இறங்கிப் போனார். இந்த வயதில், இந்தப் பதவியில் இருந்துவிட்டு வந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்புவது என்ன மரியாதை என்று வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை நாலு தாளோடு திரும்பி வந்தார். கைபேசியில் இணையத்தைத் தேடி, முன்பின் தெரியாதவர்கள் எழுதி வைத்திருந்த நாற்பத்துமூன்று கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டிருந்தார். எல்லாவற்றையும் எண் போட்டு எழுதியும் கொண்டுவந்திருந்தார். அலுவலகப் பழக்கம் அது. இப்படிக் கட்டளை எழுதி வைப்பவர்களை நினைத்தால் இந்தக் கதையைச் சொல்லும் எனக்கே ஆத்திரம் வரும். ‘எனக்கு வேலை செய்தது’ என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எந்தக் கணினியில், எந்த வருடம், என்ன கோளாறுக்கு என்று மருந்துக்கும் சொல்லமாட்டார்கள்.

குரு தாளை நிதானமாகப் பார்த்துக்கொண்டே வந்து, இருபத்துமூன்றாவதில் விரலை வைத்தார்.

“இது என்னங்க செய்யும்?”

“போடச் சொன்னான். போட்டேன்.”

“யாருங்க?”

உங்கள் ஆபீஸில் ஒருவர் இப்படி யாரோ சொன்னார் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றால் விட்டிருப்பீர்களா என்று குரு கேட்டார். ஆபீஸை இதில் இழுக்காதீர்கள் என்று அவர் குரலை உயர்த்தினார். கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“கம்பி செருகற எடத்தையே கண்டுக்காதேன்னு கம்ப்யூட்டருக்கு எழுதி வெச்சிருக்கீங்க. இனிக் கம்பியக் கொண்டுவந்து செருகுனாலும் ஓடாது” என்றார் குரு.

“எனக்குக் கம்பியே வேண்டாம்ங்.”

“ஏனுங்க வேண்டாம்? ஹால்ல நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு?”

“அது எங்க வீட்டு விசயம்.”

குரு தாளை மடித்துக் கொடுத்தார். சனிக்கிழமை காலையில் தானே வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். அவர் யார் வீட்டுக்கும் போகிறவர் இல்லை. அது தெரிந்தும் சீடருக்கு மனம் ஆறவில்லை. வெள்ளிக்கிழமையே வந்தால் என்ன என்று கேட்டார். தான் வேலை பார்க்கும் மில்லில் லீவு கிடைக்காது என்றார் குரு.

சனிக்கிழமை எட்டரைக்கு நிலோபர் போனபோது, ஹாலில் மூன்று பெரியவர்கள் சட்டமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பொன்னுரங்கத்தோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தினமும் காலையில் அவர்களுக்கு இங்கேதான் பேப்பரும் ஊர்க்கதையும். அவர்களைத் தாண்டி, சமையலறையையும் தாண்டிப் போனால் பின்னறை.

அமிர்தவல்லி காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துச் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கணினி, அதன்முன் சக்கரம் வைத்த நாற்காலி. குருவைப் பார்த்ததும் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“நீ சித்த சும்மா இரு வல்லி. நேரமில்ல” என்றார் பொன்னுரங்கம்.

குரு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். குச்சியைச் செருகச் சொன்னார். சீடர் செருகினார்.

“படிங்க சார்.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “‘புதிய குறுவட்டு செருகப்பட்டுள்ளது.’” படித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “குறுவட்டா? சிடியா? நான் எங்கீங் சிடி போட்டேன்?”

“மேல படிங்க.”

“‘திற. வெளியேற்று.’”

“இத்தனை நாள் எத அமுக்குனீங்க?”

“திற.”

“இப்ப இன்னொண்ண அமுக்குங்க.”

அமுக்கினார். திரையிலிருந்த வட்டுப் படம் மறைந்தது. ஐந்து விநாடி கழித்துக் குச்சியின் நுனியில் நீல விளக்கு எரிந்தது. வலது மூலையில் அக்கம்பக்கத்து வீடுகளின் இணைப்புப் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அதில் அவர் வீட்டுப் பெயரும் இருந்தது.

குச்சிக்குள் வேறு வகைக் கணினிக்கான மென்பொருளைத் திணித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கொடுப்பதற்காக, செருகியதும் அது தன்னைச் சிடி என்று சொல்லிக்கொள்கிறது. சிடியை வெளியேற்றினால்தான் வைஃபையாக மாறும். இதை அட்டைப்பெட்டியில் ஒரு வரி அச்சடித்தால் கம்பெனி முழுகிப் போகாது. பொன்னுரங்கம் இதற்காகக் கொதித்ததில் தப்பே இல்லை. நாற்பத்துமூன்று கட்டளை, நாலு தாள், ஒரு வாரத் தூக்கம். நுகர்வோர் கோர்ட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன் என்று எழுந்து நின்று சத்தம் போட்டார்.

குரு மணியைப் பார்த்தார். ஒன்பது ஐந்து. ஒரு மாணவியைக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம் என்றார்.

ஜெயசீலி என்ற பெண் திரையில் வந்தாள். அமிர்தவல்லி படுக்கையிலிருந்தே கையை உயர்த்தி ஏதோ கேட்டார். அந்தப் பெண்ணின் கை பதிலுக்கு எழுந்து, பாதியில் அப்படியே நின்றது. முகமும் நின்றது. கொஞ்ச நேரத்தில் எழுத்தாக வந்தது: ‘அக்கா, கை நின்றுவிட்டது.’

“மூலையில என்ன எழுதியிருக்குங்க?” என்றார் குரு.

“‘சமிக்ஞை மிகக் குறைவு.’”

பழைய காலத்து வீடு. ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவே ஒன்றரையடிச் சுவர் இரண்டு. பொன்னுரங்கம் முதலில் சுவரைக் கட்டிய தன் அப்பாவைத் திட்டினார். பிறகு இணையம் தரும் கம்பெனியை, குச்சி விற்ற கடைக்காரரை, லினக்ஸை எழுதியவர்களை, கடைசியில் எதிரே உட்கார்ந்திருந்த குருவை. எல்லாரும் சேர்ந்து கால் ஒடிந்த ஒரு பொம்பளையின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறார்கள் என்றார்.

குரு ஸ்டூலைக் கட்டிலின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“நீங்க சொல்லுங்கக்கா.”

“அவளுக்கு என்னங் தெரியும் இதுல?” என்றார் பொன்னுரங்கம்.

“எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங் அம்மிணி” என்றார் அமிர்தவல்லி. கோபத்தில் குரல் உயர்ந்தது. “இந்த நாற்காலிக்குச் சக்கரம் இருக்குன்னு தெரியும். ஹால்ல கம்பி இருக்குன்னு தெரியும். என்னைய இதுல உக்கார வெச்சு அங்க தள்ளிட்டுப் போங்கன்னு கட்டுப் போட்டு வந்த அன்னிக்கே சொன்னேன். கால் அதிரும், வலிக்கும்ங்கறாரு. வலி எனக்குத்தானுங்களே?”

“ஹால்ல நாலு பேரு வந்து போற எடம்...”

“அதச் சொல்லுங்க. அந்த நாலு பேருக்காகத்தானே? ரெண்டு மாசம் முன்னால அதுல ஒருத்தர் கேட்டாருங் அம்மிணி, என்னப்பா, காலங்காத்தால உம்பட வீட்ல கூத்துக் கட்டறாங்களான்னு. நான் அங்க கையில பாடம் சொல்லிட்டு இருக்கறேன். எல்லாரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. என் கால் ஒடிஞ்சது இவருக்குத் தோதாப் போச்சு. அந்தப் புள்ளைங்க ரெண்டு வருசமா ராப்பகலாப் படிக்குதுங்க. இவங்க காபி குடிக்கோணும்னு அதுங்க பெயிலாகோணுமா?”

ஹாலிலிருந்து யாரோ பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பொன்னுரங்கம் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இருபத்துமூணாவது கட்டளைய எடுத்துரலாமுங்களா சார்?” என்றார் குரு.

பொன்னுரங்கம் உட்கார்ந்து, கணினியில் அந்தக் கட்டளை எழுதிவைத்த கோப்பைத் திறந்தார். யாரும் சொல்லாமலே மேலிருந்து ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்து, தான் சேர்த்த வரியில் நின்று, அதை அழித்தார். சேமித்தார். கணினியை அணைத்துவிட்டு எழுந்து ஹாலுக்குப் போனார்.

“எந்திரிங்கப்பா. இந்த எடம் வேணும்” என்றார்.

நண்பர்களில் ஒருவர், என்னவோ விசேஷம் போல என்று சிரித்தார். பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. சிரித்தவர் கையிலிருந்த காபி டம்ளரை வாங்கி ஜன்னலில் வைத்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடினார்கள்.

கணினி முதலில் போனது. பிறகு நாற்காலி. நிலைப்படியில் சக்கரம் ஏறும்போது அமிர்தவல்லி பல்லைக் கடித்துக்கொண்டார். முகம் வெளுத்தது. நிறுத்தவா என்று கணவர் கேட்டதற்குத் தள்ளுங்க என்றார். கட்டுப் போட்ட காலைத் தலையணையோடு ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். பொன்னுரங்கம் கம்பியைச் செருகிவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“‘கம்பி வழி இணைக்கப்பட்டது’” என்று படித்தார்.

பத்தாக நாலு நிமிடம் இருந்தது. திரையில் கட்டம் கட்டமாகப் பதினோரு முகங்களும் வந்து சேர்ந்தன. அமிர்தவல்லி கையை உயர்த்தினார். பதினோரு பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார்கள். அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். யார் கையும் நிற்கவில்லை.

குரு சத்தமில்லாமல் வாசலுக்கு வந்தார். சீடர் பின்னாலேயே வந்தார். மனசுக்குள் என்னென்னவோ ஓடியது. ஆனாலும் யார்மேலாவது கோபப்பட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

“நீங்களும்தான் இருக்கீங்க. இத செவ்வாக்கெழமையே சொல்லியிருந்தா எனக்கு இந்த அலைச்சல் எதுக்குங் அம்மிணி?”

நிலோபர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“செவ்வாக்கெழமை எனக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சவங்க உங்க பக்கத்துலயே படுத்திருந்தாங்க.”