கேமரா வெளியே வந்த பிறகு

இதை எனக்கு முதலில் சொன்னவள் எட்வினா. என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்தவள். பின்னாளில் அறுவை அரங்கில் செவிலி. கூட்டியோ குறைத்தோ சொல்ல அறியாதவள்.

“ஆறு மாசமா உங்ககிட்ட கத்துக்கறேன், மேடம். கை இன்னும் படியலையே.”

இவ்வாறு குறைப்பட்டவர் மருத்துவர் சூசைமாணிக்கம். வயது ஐம்பத்து நான்கு. குடலிறக்கத்தைக் கத்தி வைத்துத் திறந்து சரிசெய்வதில் பேரெடுத்தவர்.

எதிரே இருந்தவர் மருத்துவர் பரக்கத்நிஷா. வயது முப்பத்தாறு. மூன்று சிறு துளைகள் இட்டு, ஒன்றில் கேமராவைச் செலுத்தி, திரையைப் பார்த்தபடியே அதே வேலையை முடிப்பவர்.

“இப்ப யாரை வச்சுக் கேக்கறீங்க, சார்?”

“காளியண்ணன். ஒட்டன்சத்திரம் சந்தையில மூட்டை தூக்கறவர். துளை போட்டுத்தான் ஆரம்பிச்சேன். பாதியில வயித்தைத் திறக்க வேண்டியதாப் போச்சு.”

“திறக்கறது குத்தமில்லையே. நானும் திறந்திருக்கேன். எதுக்குத் திறந்தீங்க?”

“குடல் ஒட்டிக்கிட்டு இருந்தது.”

இதைச் சொல்லும்போது அவர் மேசையைப் பார்த்தார்.

“ஒட்டுப் பிரிச்சதுக்குத் தனியாக் கட்டணம் போட்டீங்களா?”

“போட்டேன்.”

“அப்புறம் என்ன கவலை?”



“இன்னைக்குத் தையல் பிரிக்க வந்தார். என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். ‘என் வயிறு கெட்ட வயிறுங்க, உங்களைச் சிரமப்படுத்திப்போட்டேன்’னு சொன்னார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“பரவாயில்லைன்னு சொன்னேன்.”

பரக்கத்நிஷா எழுந்து, அந்த அறுவையின் பதிவைத் திரையில் ஓடவிட்டார்.

“ஒட்டு எங்க இருக்குன்னு விரல் வச்சுக் காட்டுங்க, சார்.”

சூசைமாணிக்கம் விரலை நீட்டினார்.

திரையில் குடல் வழுவழுவென்று நகர்ந்தது. எதனோடும் ஒட்டியிருக்கவில்லை. குடலிறக்கத்தை அடைக்க உள்ளே வைத்த வலையை மூடித் தைக்க வேண்டிய ஊசி மட்டும் கருவியின் பிடியிலிருந்து நழுவியது. மீண்டும் நழுவியது. பதினோராம் முறை நழுவியபோது கேமரா வெளியே இழுக்கப்பட்டது.

“அவ்வளவுதான், மேடம். நிறுத்திடலாம்.”

“இன்னும் ஓடுது, சார்.”

அன்று பதிவை நிறுத்த எவருக்கும் தோன்றவில்லை. பச்சைத் துணியின்மேல் சாய்ந்து கிடந்த கேமரா, மேலே இருந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் விளக்கு. பின்னர், எழுதாமல் நின்றுவிட்ட ஒரு பேனாவும் அதைப் பிடித்திருந்த கையும். அது எட்வினாவின் கை.

அதன்பின் ஒரு முகம். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். அவை பேனாவைப் பார்த்தன. உடனே வேறுபக்கம் திரும்பிக்கொண்டன.

பதிவில் ஒலி இல்லை. ஆயினும் அப்போது தாம் என்ன சொன்னோம் என்பது சூசைமாணிக்கத்துக்குத் தெரியும். “ஒட்டு இருந்ததுன்னு எழுதும்மா.”

நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

பரக்கத்நிஷா அறையை விட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை, சந்தையில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கக் கூடாதென்பதால் எடை எழுதும் வேலை.

“டாக்டரய்யா, நீங்க எதுக்குங்க இந்தச் சேத்துல?”

“உங்க வயித்துல ஒட்டு எதுவும் இல்லை. துளை வழியாத் தைக்க என் கைக்கு வரலை. அதை மறைச்சுப் பொய் சொன்னேன்.”

காளியண்ணன் பென்சிலைக் காதில் செருகினார்.

“அப்ப என் வயிறு நல்ல வயிறுதானுங்களா?”

“நல்ல வயிறு.”

“இதை ஊட்டுக்காரிகிட்டயும் வந்து சொல்லிப்போடுங்க. பீடி குடிச்சுத்தான் குடல் ஒட்டுச்சுன்னு நாலு நாளா வெறும் ரசமா ஊத்தறா.”

“வந்து சொல்றேன்.”

சூசைமாணிக்கம் உறையை நீட்டினார்.

“ஒட்டுப் பிரிச்சதுக்குன்னு வாங்கினது. எண்ணிக்குங்க.”

காளியண்ணன் விரலை நாவில் தொட்டு, ஒவ்வொரு தாளாக எண்ணினார். சுமையாட்கள் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். மருத்துவர் சேற்றில் நின்றபடி, எண்ணி முடியும்வரை காத்திருந்தார்.

ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.